கணுக்கால் எலும்புக்குள் ஒரு மந்தை

நிகழ்தகவுப் பாடம் தொடங்கும் நாளில் ஒரு சிறிய எலும்பை வகுப்புக்கு எடுத்துச் செல்வது என் வழக்கம். கசாப்புக் கடையில் கேட்டு வாங்கி, வேகவைத்துச் சுத்தம் செய்து, வெயிலில் உலர்த்திய செம்மறியாட்டின் கணுக்கால் எலும்பு அது. அதை மேசைமீது உருட்டிவிட்டு மாணவர்களைக் கேட்பேன்: "இந்த எலும்பு நான்கு பக்கங்களுள் ஏதேனும் ஒன்றின்மேல் படுக்கும். குறிப்பிட்ட ஒரு பக்கம் மேலே வருவதற்கு வாய்ப்பு எவ்வளவு?"

"நான்கில் ஒன்று, சார்!" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும்.

"எப்படித் தெரியும்?"

"நான்கு பக்கங்கள்தானே இருக்கின்றன?"

விடை தவறு. ஆனால் மாணவர்களைக் குறை கூறுவதற்கில்லை. பாடநூல்களில் அவர்கள் கண்டவை நாணயமும் ஆறுமுகப் பகடையும் மட்டுமே. எல்லாப் பக்கங்களும் ஒன்றுபோல் இருக்கும்படி மனிதன் செய்துவைத்த பொருள்கள் அவை. எலும்பையோ யாரும் விளையாட்டுக்காகச் செய்யவில்லை. இந்த எலும்பைக் கொண்டு ஆடியே வளரும் ஒரு மங்கோலியச் சிறுவனைக் கேட்டால், "குதிரை அவ்வளவு எளிதாக விழாது" என்று உடனே சொல்லிவிடுவான். அவன் சொல்வது சரி.

குதிரையா? எலும்பில் குதிரை எங்கிருந்து வந்தது? இதைத் தெரிந்துகொள்ள நாம் மங்கோலிய நாட்டுப் புல்வெளிக்குச் சென்று வரவேண்டும்.

புல்வெளியும் ஐந்து கால்நடைகளும்

ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் இடையே அமைந்த மங்கோலியாவின் பரப்பு சுமார் 15 லட்சத்து 64 ஆயிரம் சதுர கிலோமீட்டர். இது இந்தியாவின் பரப்பில் ஏறக்குறையப் பாதி. ஆனால் மக்கள்தொகை சுமார் 35 லட்சமே. கால்நடைகளின் எண்ணிக்கையோ 5 கோடிக்கும் மேல்! மழை குறைவு, குளிர் கடுமை. குளிர்காலத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 30 பாகைக்கும் இறங்கிவிடும். இத்தகைய நிலத்தில் பயிர்த்தொழில் பெரிதாக வளர இடமில்லை. ஆகவே நெடுங்காலமாக மக்கள் கால்நடைகளை ஓட்டிக்கொண்டு, புல் இருக்கும் இடத்துக்கு இடம்பெயர்ந்து வாழ்ந்தார்கள். இன்றும் பல குடும்பங்கள் அவ்வாறே வாழ்கின்றன. அவர்களுடைய வீடு 'கெர்' எனப்படும் வட்டமான கம்பளிக் கூடாரம். கழற்றி மடித்து ஏற்றிச்செல்லத்தக்கது.

மங்கோலியர் வளர்க்கும் முதன்மையான கால்நடைகள் ஐந்து: குதிரை, ஒட்டகம், மாடு, செம்மறியாடு, வெள்ளாடு. இவற்றை 'தாவன் ஹொஷூ மல்', அதாவது 'ஐந்து மூஞ்சிக் கால்நடை' என்று ஒரே பெயரால் குறிப்பிடுவார்கள். குதிரை ஏறிச் செல்ல. ஒட்டகம் சுமை தூக்க. செம்மறி இறைச்சிக்கும் கம்பளிக்கும். மாடும் வெள்ளாடும் பாலுக்கு. உணவு, உடை, வீடு, போக்குவரத்து என்று எல்லாமே இந்த ஐந்திலிருந்துதான். விளையாட்டுப் பொருளும் அங்கிருந்தே வந்தது. அதுதான் 'ஷகாய்' என்னும் கணுக்கால் எலும்பு.

ஓர் ஆட்டைக் குடும்பம் உணவுக்காக அறுத்தால், அதன் பின்னங்கால் ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் எலும்பு கிடைக்கும். ஆக, ஓர் ஆட்டுக்கு இரண்டே எலும்புகள். அவற்றை எறிந்துவிடாமல் சுத்தம் செய்து ஒரு பையில் சேர்த்து வைப்பார்கள். சிலர் சாயம் ஏற்றுவதும் உண்டு. ஒரு பையில் 200 எலும்புகள் இருந்தால் அதற்குப் பின்னால் 100 ஆடுகள் இருக்கின்றன என்று பொருள். அந்தப் பையைக் குடும்பத்தின் கணக்குப் புத்தகம் என்றே சொல்லலாம்.

எலும்புக்கு ஏன் அந்த வடிவம்?

ஆட்டின் பின்னங்காலில், பின்புறமாக வளைந்து நிற்கும் மூட்டைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதை ஆட்டின் முழங்கால் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது கணுக்கால். ஆடு விரல் நுனியில் நிற்பதால் அதன் கணுக்கால் அவ்வளவு உயரத்தில் அமைந்திருக்கிறது. அந்த மூட்டின் நடுவே இருப்பதே நமது எலும்பு.

கிணற்றுக் கப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பள்ளம், இரு ஓரங்களிலும் மேடு. ஆட்டின் கணுக்கால் எலும்பின் மேல்முனையில் இத்தகைய கப்பி ஒன்று உண்டு. கீழ்முனையிலும் ஒன்று உண்டு. கால் எலும்புகள் இந்த இரு கப்பிகளின் மீதும் முன்னும் பின்னுமாக உருளும், பக்கவாட்டில் பிசகாது. கரடுமுரடான நிலத்தில் ஓடும் விலங்குக்கு இது மிகவும் ஏற்ற அமைப்பு.

ஆடு, மாடு, ஒட்டகம், மான், பன்றி ஆகிய இரட்டைக் குளம்பு வகை விலங்குகளின் அடையாளமே இந்த இரட்டைக் கப்பிதான். பாகிஸ்தானில் கிடைத்த சுமார் 4 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆதித் திமிங்கிலங்களின் புதைபடிவங்களிலும் இதே இரட்டைக் கப்பி இருந்தது 2001ஆம் ஆண்டில் தெரியவந்தது. திமிங்கிலம் இந்த இனத்துக்கு உறவு என்பதற்கு அது வலுவான சான்றாயிற்று. குதிரையின் கணுக்கால் எலும்புக்கோ ஒரே கப்பிதான். ஆக, மங்கோலியர் 'குதிரை' என்று பெயரிட்ட பக்கம் குதிரையின் எலும்பில் இல்லை. ஆட்டின் எலும்பில்தான் இருக்கிறது!

எலும்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். நீளவாக்கில் நான்கு பக்கங்கள் தெரியும். இரண்டு பக்கங்கள் அகலமானவை, இரண்டு ஒடுங்கியவை. அகலமான பக்கங்களில் ஒன்று புடைத்திருக்கும். அது மேலே வந்தால் 'செம்மறி'. மற்றொன்றில் குழி இருக்கும். அது மேலே வந்தால் 'வெள்ளாடு'. ஒடுங்கிய பக்கங்களில் ஒன்று 'குதிரை', மற்றொன்று 'ஒட்டகம்'. ஐந்தாவது கால்நடையான மாடு எங்கே? எலும்பு படுக்காமல் செங்குத்தாக நின்றுவிட்டால் அது 'மாடு'. சமதளத்தில் அது ஏறக்குறைய நடவாத காரியம். மேடுபள்ளமான தரையில் எப்போதாவது நிகழும்.

சமமில்லாத பக்கங்கள்

இனி என் மாணவர்களின் விடைக்கு வருவோம். எந்தப் பக்கம் அதிகமாக விழும்?

எலும்பின் நெளிவுகளை மறந்துவிட்டு, அதை ஒரு சிறு மரக்கட்டையாக எண்ணிக்கொள்வோம். நீளம் 3 செ.மீ., அகலம் 2 செ.மீ., கனம் 1.5 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். செம்மறியின் எலும்பு ஏறக்குறைய இந்த அளவுதான்.

கட்டை அகலமான பக்கத்தின்மேல் படுத்திருக்கும்போது அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 0.75 செ.மீ. உயரத்தில் இருக்கும். அதை விளிம்பின்மேல் உருட்டிக் கவிழ்க்க வேண்டுமானால், ஈர்ப்பு மையம் விளிம்புக்கு நேர்மேலே வரும்வரை அதை உயர்த்தவேண்டும். பிதகோரசின் தேற்றப்படி அந்த உயரம் 1.25 செ.மீ. அதாவது ஈர்ப்பு மையம் 0.5 செ.மீ. ஏறவேண்டும்.

கட்டை ஒடுங்கிய பக்கத்தின்மேல் படுத்திருந்தால்? ஈர்ப்பு மையம் ஏற்கெனவே 1 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. கவிழ்வதற்கு 0.25 செ.மீ. ஏறினாலே போதும். பாதி வேலைதான்! செங்குத்தாக நிற்கும் கட்டைக்கோ 0.18 செ.மீ. ஏற்றமே போதுமானது.

உருளும் எலும்பை, மேடுபள்ளமான நிலத்தில் உருளும் பந்தாக எண்ணிப் பாருங்கள். தரையில் மோதி மோதி அது தன் ஆற்றலை இழந்துகொண்டே வருகிறது. ஆழமில்லாத பள்ளத்தில் விழுந்தாலும், ஆற்றல் சிறிது மிச்சம் இருந்தால் வெளியே ஏறிவிடும். ஆழமான பள்ளத்தில் விழுந்தால் மீளாது. அகலமான பக்கங்கள் ஆழமான பள்ளங்கள்; ஒடுங்கிய பக்கங்கள் ஆழமில்லாதவை. பள்ளி நூல்களில் உறுதிச் சமநிலை, உறுதியற்ற சமநிலை என்று படித்தது இதுவே. உறுதியிலும் ஏற்றத்தாழ்வு உண்டு என்பதை எலும்பு நமக்குக் கற்பிக்கிறது.

மரக்கட்டைக் கணக்கு காரணத்தைக் காட்டுமே தவிர, சரியான எண்ணைத் தராது. எண்ணைப் பெற எறிந்துதான் பார்க்கவேண்டும். கணுக்கால் எலும்பு பழங்காலக் கிரேக்கரும் உரோமானியரும் பயன்படுத்திய பகடையுமாகும். எனவே புள்ளியியல் வரலாற்றாசிரியர்கள் இதை எறிந்து பார்த்திருக்கிறார்கள். எஃப். என். டேவிட் என்ற அம்மையார் 1962ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் தரும் விகிதம் இது: அகலமான பக்கங்கள் ஒவ்வொன்றுக்கும் சுமார் பத்தில் நான்கு, ஒடுங்கிய பக்கங்கள் ஒவ்வொன்றுக்கும் சுமார் பத்தில் ஒன்று. எலும்புக்கு எலும்பு இது சிறிது மாறும். ஆனால் ஒன்று உறுதி: செம்மறியும் வெள்ளாடும் அடிக்கடி வரும், குதிரையும் ஒட்டகமும் அரிதாகவே வரும்.

எலும்புப் பாதையில் குதிரைப் பந்தயம்

இந்த ஏற்றத்தாழ்வு தெரிந்தால்தான் மங்கோலிய விளையாட்டுகளின் சுவை விளங்கும். சிறுவர்கள் மிகவும் விரும்பும் குதிரைப் பந்தயத்தை எடுத்துக்கொள்வோம்.

எலும்புகளை வரிசையாக அடுக்கி ஒரு பாதை அமைக்கிறார்கள். ஒவ்வொருவரும் தமக்கென ஓர் எலும்பைக் குதிரையாக வைத்துக்கொள்கிறார்கள். முறைவைத்து நான்கு எலும்புகளை உருட்டவேண்டும். எத்தனை 'குதிரை' விழுகிறதோ அத்தனை எலும்பு தூரம் தம் குதிரையை நகர்த்தலாம். குதிரை விழாவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும்.

ஓர் எலும்பில் குதிரை விழாமலிருக்க வாய்ப்பு பத்தில் ஒன்பது. நான்கு எலும்புகளிலுமே குதிரை விழாமலிருக்க வாய்ப்பு 0.9 × 0.9 × 0.9 × 0.9 = 0.656. அதாவது மூன்று முறை உருட்டினால் ஏறக்குறைய இரண்டு முறை வெறுமனே நிற்கவேண்டியதுதான். சராசரியாக ஓர் உருட்டலுக்கு 0.4 அடிதான் முன்னேற்றம். 20 எலும்பு நீளமுள்ள பாதையைக் கடக்க ஒருவர் ஏறக்குறைய 50 முறை உருட்டவேண்டும். குளிர்கால இரவு நீண்டது, வெளியே பனி, உள்ளே அடுப்பைச் சுற்றிக் குடும்பம் முழுவதும். விளையாட்டு விரைவில் முடிந்துவிட்டால் யாருக்கு என்ன லாபம்? 'வெள்ளை மாதம்' எனப் பொருள்படும் சகான் சார் என்னும் புத்தாண்டு நாட்களில் பெரியவர்களும் பிள்ளைகளோடு உட்கார்ந்து எலும்பு ஆடுவது வழக்கம்.

இன்னொரு விளையாட்டு சுண்டுவது. எலும்புகளைத் தரையில் பரப்பி, ஒரே விலங்கைக் காட்டும் இரண்டு எலும்புகளைத் தேர்ந்து, ஒன்றால் மற்றதை விரலால் சுண்டி அடிக்கவேண்டும். இடையில் வேறு விலங்கு எதன்மீதும் படக்கூடாது. சரியாக அடித்தால் எலும்பு உங்களுக்கு. செம்மறிக்கு இணை எளிதாகக் கிடைக்கும். குதிரைக்கு இணை தேடவேண்டும்.

நான்கும் ஒன்றாக வந்தால்

விளையாட்டுக்கு மட்டுமன்றி, குறி பார்ப்பதற்கும் மங்கோலியர் எலும்பை உருட்டுவதுண்டு. குதிரை விழுந்தால் மிகவும் நல்லது, செம்மறியும் நல்லது. ஒட்டகமும் வெள்ளாடும் அவ்வளவு நல்லதல்ல. இதிலும் கால்நடை வாழ்க்கையின் சாயல் இருக்கிறது. குதிரையையும் செம்மறியையும் 'சூடான மூஞ்சி' உடையவை என்றும், ஒட்டகம், மாடு, வெள்ளாடு ஆகியவற்றைக் 'குளிர்ந்த மூஞ்சி' உடையவை என்றும் அவர்கள் பிரிப்பார்கள். நற்குறி காட்டும் இரண்டும் சூடான மூஞ்சிக் கால்நடைகளே.

எலும்பு உருண்டு விழுவதற்கும் நாளைய நிகழ்ச்சிக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. அதை நாம் அறிவோம். ஆனால் ஒரு மக்கள் எதை நற்பேறு என்று கருதுகிறார்கள் என்பது, அவர்களுடைய வாழ்க்கையைப் பற்றி நிறையச் சொல்லும்.

நான்கு எலும்புகளைச் சேர்த்து உருட்டும்போது நான்கும் வெவ்வேறு விலங்குகளாக விழுந்தால், அதற்கு 'தொர்வொன் பெர்ஹ்' என்று பெயர். அது பெரும் பேறாகக் கருதப்படுகிறது. அது எவ்வளவு அரிது? கணக்கிட்டுப் பார்ப்போம்.

குறிப்பிட்ட ஒரு வரிசையில் நான்கும் விழ வாய்ப்பு 4/10 × 4/10 × 1/10 × 1/10 = 16/10,000. நான்கு விலங்குகளை நான்கு எலும்புகளில் 24 வகையாக வரிசைப்படுத்தலாம். ஆகவே மொத்த வாய்ப்பு 384/10,000. அதாவது ஏறக்குறைய 26 முறைக்கு ஒரு முறை. எல்லாப் பக்கங்களும் சமமாக இருந்திருந்தால் அது 11 முறைக்கு ஒரு முறை வந்திருக்கும். எலும்பின் கோணல்தான் அதை அரிதாக்கியது.

ஆனால் இங்கே ஒரு வியப்பு. நான்கும் செம்மறியாக விழ வாய்ப்பு 256/10,000. அதாவது 39 முறைக்கு ஒரு முறை. நான்கும் வெவ்வேறாக விழுவதைவிட இது அரிது! நான்கும் குதிரையாக விழுவதோ பத்தாயிரத்தில் ஒன்று. அரிதாக இருப்பதற்குத்தான் மதிப்பு என்றால், நான்கு வேறு விலங்குகளுக்கு இந்தப் பெருமை கிடைத்திருக்கக்கூடாது. உரோமானியரும் நான்கு எலும்புகளில் நான்கு வேறு பக்கங்கள் விழுவதையே தலைசிறந்த எறிவாகக் கருதி, அதற்கு வீனஸ் தேவதையின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். அவர்களுடைய காரணம் எதுவாயினும், மங்கோலியர் விஷயத்தில் எனக்குத் தோன்றுவது இது: நான்கும் வந்தது என்றால் மந்தை முழுமையாக இருக்கிறது என்று பொருள்.

கால்நடை வளர்ப்பவருக்கு இது வெறும் அழகு அல்ல. ஒரே வகைக் கால்நடையை நம்பியிருப்பவரை ஒரு நோயோ ஒரு கொடும் பனிக்காலமோ ஒரேயடியாகச் சாய்த்துவிடும். ஒட்டகம் உண்ணும் செடியைக் குதிரை உண்ணாது. குதிரை பனியைக் குளம்பால் கிளறிப் புல் தேடும். பலவகை இருந்தால் ஏதேனும் ஒன்று பிழைக்கும்.

இன்னொரு பொருத்தத்தையும் கவனியுங்கள். எலும்பில் செம்மறியும் வெள்ளாடும் சேர்ந்து விழும் வாய்ப்பு பத்தில் எட்டு. 1990ஆம் ஆண்டில் மங்கோலியாவில் இருந்த சுமார் 2 கோடியே 60 லட்சம் கால்நடைகளில் இவ்விரண்டும் சேர்ந்து ஏறக்குறைய அதே விகிதமே! ஆடுகள் பல, குதிரைகள் சில, ஒட்டகங்கள் மிகச் சில. இது தற்செயலே. எலும்பின் வடிவத்துக்கும் மந்தையின் விகிதத்துக்கும் காரண காரியத் தொடர்பு இல்லை. எனினும், அடிக்கடி விழும் அகலமான பக்கங்களுக்கு ஆடுகளின் பெயரையும், அரிதாக விழும் பக்கங்களுக்குக் குதிரை, ஒட்டகம் ஆகியவற்றின் பெயரையும் சூட்டியவர்கள், தம் மந்தையையும் எலும்பையும் நன்றாகக் கவனித்தவர்கள் என்று நாம் எண்ணத் தடையில்லை.

பனிக்கட்டியின்மேல் இரு சிறுவர்கள்

இந்த விளையாட்டின் தொன்மைக்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'மங்கோலியரின் இரகசிய வரலாறு' என்னும் நூல் தெமூஜின் என்ற சிறுவனைப் பற்றிக் கூறுகிறது. பிற்காலத்தில் செங்கிஸ்கான் என்று உலகம் அறிந்தவன் அவன்தான். பதினோரு வயதில் தெமூஜினும் ஜமுகா என்ற சிறுவனும் ஓனோன் ஆற்றின் உறைந்த பனிக்கட்டியின்மேல் எலும்பு விளையாடி, உடன்பிறவாச் சகோதரர்களாக உறுதி பூண்டார்கள். ஜமுகா ஒரு மானின் கணுக்கால் எலும்பைக் கொடுத்தான். தெமூஜின் செம்பு வார்த்த ஓர் எலும்பைக் கொடுத்தான். இவ்விருவருமே பின்னர்ப் பகைவரானது வரலாறு.

எலும்பில் ஏன் செம்பு வார்க்கவேண்டும்? இயற்பியல் இதற்கு அழகான விடை தருகிறது. கேரம் ஆடியவர்களுக்கு விடை பாதி தெரிந்திருக்கும். அடிக்கும் காய், அடிபடும் காயைவிடக் கனமாக இருக்கிறதல்லவா?

சம எடையுள்ள இரு பொருள்கள் நேருக்கு நேர் மோதினால், அடித்தது நின்றுவிடும். அடிபட்டது அதே வேகத்தில் செல்லும். அடிப்பது மிகக் கனமானதாக இருந்தால், அடிபட்டது ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் பாயும். இது ஆற்றல் வீணாகாத மோதலுக்கான கணக்கு. எலும்பில் வேகம் இதைவிடக் குறைவாகவே இருக்கும். உராய்வால் நிற்கும் பொருள் வழுக்கிச் செல்லும் தூரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப இருக்கும். இருமடங்கு வேகம் என்றால் நான்கு மடங்கு தூரம்! அதுவும் உராய்வு மிகக் குறைவான பனிக்கட்டியின்மேல். உலோகம் வார்த்த எலும்பு எந்தச் சிறுவனுக்கும் விலைமதிப்பற்ற சொத்தாக இருந்திருக்கும். உந்த அழிவின்மை விதி எழுதப்படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விரல்கள் அதை அறிந்திருந்தன.

எய்யும் கலையும் சதுரங்கமும்

பெரியவர்களிடம் இந்த விளையாட்டு ஒரு கலையாகவே வளர்ந்தது. ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட குழுவினர், வழவழப்பான மரப்பலகையின்மீது சிறு சதுரச் சில்லுகளை வைத்து விரலால் சுண்டி, எதிரே வைத்த செம்மறி எலும்புகளை வீழ்த்துகிறார்கள். இலக்கு எலும்புகளோ கட்டைவிரல் அளவுதான். ஒவ்வொரு வீரருக்கும் தமக்கென்றே செய்துகொண்ட கருவிகள் உண்டு. ஒருவர் எய்யும்போது மற்றவர்கள் அதற்குரிய மெட்டுகளைப் பாடுவார்கள். யுனெஸ்கோ 2014ஆம் ஆண்டில் இதை மனித குலத்தின் பண்பாட்டு மரபுச் சொத்துக்களின் பட்டியலில் சேர்த்தது. மற்போர், வில்வித்தை, குதிரைப் பந்தயம் ஆகியவற்றுக்குப் பெயர்பெற்ற நாதம் திருவிழா 2010ஆம் ஆண்டிலேயே அந்தப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது.

மந்தையின் முத்திரை எலும்போடு நின்றுவிடவில்லை. இந்தியாவில் பிறந்த சதுரங்கம் நாடு நாடாகப் பரவி மங்கோலியாவை அடைந்தபோது 'ஷதர்' என்று பெயர் பெற்றது. நம் சதுரங்கத்தில் யானை உண்டு. யானையைக் கண்டிராத புல்வெளியில் அதன் இடத்தில் ஒட்டகம் வந்து நின்றது. தேர் வண்டியாயிற்று. குதிரை குதிரையாகவே இருந்தது. விளையாட்டு ஒரு நாட்டுக்குள் புகும்போது அந்த நாட்டின் விலங்குகளே அதன் காய்களாகிவிடுகின்றன.

மாறிவரும் மந்தை

இத்தனையையும் பழங்கதையாகப் படித்துவிட்டு மூடிவிடுவதற்கில்லை. அந்த மந்தைக்கே இன்று சோதனைக் காலம்.

கோடையில் வறட்சி, தொடர்ந்து கடுங்குளிர், மேய முடியாதபடி புல்லை மூடும் பனி. இந்த இயற்கைப் பேரிடருக்கு மங்கோலியர் இட்ட பெயர் 'ஸுட்'. 2009-10 குளிர்காலத்தில் 80 லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகள் மாண்டன. 2023-24 குளிர்காலத்திலும் 70 லட்சத்துக்கு மேல் இறந்தன. மந்தையை இழந்த குடும்பங்கள் பிழைப்புத் தேடித் தலைநகர் உலான்பாத்தருக்குச் செல்கின்றன. நாட்டின் மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இன்று அந்த ஒரே நகரில் வாழ்கிறார்கள்.

மந்தையின் உள்விகிதமும் மாறியிருக்கிறது. காஷ்மீர் கம்பளி எனப்படும் மெல்லிய வெள்ளாட்டு உரோமத்துக்கு உலகச் சந்தையில் நல்ல விலை. 1990ஆம் ஆண்டில் சுமார் 50 லட்சமாக இருந்த வெள்ளாடுகள் அண்மை ஆண்டுகளில் 2 கோடியைத் தாண்டிவிட்டன. ஒரு காலத்தில் ஒரு வெள்ளாட்டுக்கு மூன்று செம்மறிகள். இப்போது இரண்டும் ஏறக்குறையச் சமம். எலும்பின் இரு அகலப் பக்கங்களைப் போலவே சமமாகிவிட்டன! ஆனால் மேய்ச்சல் நிலம் நான்கு மடங்காகப் பெருகவில்லை. மிகுதியான மேய்ச்சலால் புல்வெளி நலிந்துவருவதை ஆய்வாளர்கள் எச்சரிக்கிறார்கள்.

நகரில் பிறக்கும் குழந்தை எலும்பைக் கடையில் வாங்கலாம். எந்தப் பக்கம் குதிரை என்று கற்றுக்கொள்ளவும் செய்யலாம். ஆனால் நான்கும் சேர்ந்து வந்தால் பாட்டி ஏன் மகிழ்கிறாள் என்பது மந்தையோடு வாழ்ந்தால்தான் முழுமையாக விளங்கும்.

நீங்களும் எறிந்து பாருங்கள்

வாசகர்களே, இந்தக் கணக்கை என் சொல்லுக்காக நம்பவேண்டாம். ஆட்டிறைச்சிக் கடையில் சொல்லி வைத்தால் பின்னங்கால் மூட்டு எலும்பு கிடைக்கும். நன்றாக வேகவைத்து, ஒட்டியிருக்கும் தசையை நீக்கி, சில நாட்கள் வெயிலில் உலர்த்துங்கள். வழவழப்பான சிமெண்டுத் தரையில் 200 முறை உருட்டி, ஒவ்வொரு முறையும் மேலே வரும் பக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆற்று மணலில் 200 முறை உருட்டிப் பாருங்கள். விகிதம் மாறுகிறதா? மணலில் ஐந்தாவது கால்நடை எப்போதாவது எழுந்து நிற்கிறதா? வலக்கால் எலும்பும் இடக்கால் எலும்பும் கண்ணாடியில் தெரியும் உருவம்போல ஒன்றுக்கொன்று மாறானவை. இரண்டும் ஒரே விகிதத்தைத் தருகின்றனவா என்றும் சோதிக்கலாம்.

சூதாட்டக் கணக்கொன்றைப் பற்றி பாஸ்கலும் பெர்மாவும் 1654ஆம் ஆண்டில் எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்து நிகழ்தகவுக் கணிதம் வளர்ந்தது என்பார்கள். அது சமமான பக்கங்களைக் கொண்ட பகடையின் கணிதம். இயற்கையில் சமமான பக்கங்கள் அரிது. எலும்பை உருட்டினால் எத்தனை பக்கம் என்று எண்ணுவது போதாது. ஒவ்வொரு பக்கமும் எப்படிப்பட்டது என்று பார்க்கவேண்டும்.

என் வகுப்பில் எலும்பு கைமாறிக் கைமாறி 200 முறை உருண்டு முடியும்போது, கரும்பலகையில் எழுதிய எண்களைப் பார்த்துக்கொண்டு மாணவர்கள் சற்று நேரம் பேசாமல் இருப்பார்கள். பிறகு யாராவது ஒருவர், "நான்கில் ஒன்று இல்லை, சார்" என்பார். அதற்குப் பிறகே நான் பாடத்தைத் தொடங்குவேன்.